அலுமினியத்தில் எம்6 மரை: உடைந்த இரண்டு டேப்புக்கு ஒரு பதில்

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பா தூக்கிய பழைய காவடிச் சட்டத்தை வரும் தைப்பூசத்துக்குப் புதுப்பிக்கிறாராம். மூலைகளில் 12 மில்லி கனத்தில் அலுமினியக் கட்டைகள். அவற்றோடு 3 மில்லி பட்டைகளை எம்6 போல்ட்டால் பூட்ட வேண்டும். இடுப்பு வாருக்கு மேலே வரும் 3 மில்லி ஸ்டெயின்லெஸ் தகட்டிலும் அதே மரை வேண்டும். வீட்டில் 5 மில்லி பிட் இல்லாததால் 3/16 அங்குல பிட்டால் துளை போட்டிருக்கிறார். துளைக்குள் திருகி மரை வெட்டும் கருவிதான் டேப். முதல் டேப் கையால் திருகும்போது உடைந்தது. இரண்டாவதைக் கம்பியில்லா டிரில்லில் மாட்டினார். அது கட்டைக்குள்ளேயே முறிந்து நிற்கிறது. "டேப் மட்டமான சாமானா அண்ணே, இல்லை என் கைதான் சரியில்லையா?" என்பது கேள்வி.

கையைக் குறை சொல்லாதீர்கள் தம்பி. டேப்பையும் முழுதாகக் குறை சொல்ல வேண்டாம். டேப் முறியும் சத்தம் திருகும்போதுதான் கேட்கும். ஆனால் அது முறியப்போகிறது என்பது பெரும்பாலும் துளை போட்டபோதே முடிவாகியிருக்கும். தொழிற்சாலைக்கு வேண்டிய கருவிகளைச் செய்யும் டூல்ரூமில் இத்தனை வருடம் இருந்து நான் பார்த்ததில் முக்கால்வாசி டேப் சாவுக்குக் காரணம் சின்னத் துளை, கோணல் துளை, இல்லாவிட்டால் ஆழம் போதாத துளை. உங்களுடையது முதல் வகை. கோணலும் கொஞ்சம் சேர்ந்திருக்கலாம்.

கணக்கைப் பார்ப்போம். எம்6 என்றால் போல்ட்டின் வெளி விட்டம் 6 மில்லி. சாதாரண எம்6-க்கு ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் நடுவே உள்ள தூரம், அதாவது பிட்ச், 1 மில்லி. துளையின் அளவைக் கண்டுபிடிக்க வெளி விட்டத்திலிருந்து பிட்சைக் கழித்தால் போதும்: 6-ல் 1 போனால் 5. உங்கள் 3/16 அங்குல பிட் 4.76 மில்லி. கால் மில்லிகூட வித்தியாசம் இல்லையே என்று தோன்றும். ஆனால் தரப்படி எம்6 துளையின் உள் விட்டம் 4.917-க்கும் 5.153-க்கும் நடுவே இருக்க வேண்டும். நீங்கள் போட்ட துளை அந்த எல்லைக்கும் கீழே. டேப் அங்கே மரையை மட்டும் வெட்டவில்லை, துளையையே அகலப்படுத்தவும் பார்த்திருக்கிறது. அது அந்த வேலைக்குச் செய்யப்பட்டதல்ல.

இன்னொரு விதமாகச் சொல்கிறேன். துளை சிறிதாக இருந்தால் மரை ஆழமாக வெட்டும், பெரிதாக இருந்தால் மேலோட்டமாக வெட்டும். வெளி விட்டத்தில் துளையைக் கழித்து, அதை 1.3 பெருக்கல் பிட்சால் வகுத்தால் மரை எத்தனை சதவீதம் என்று கிடைக்கும். 5 மில்லி துளையில் 77 சதவீதம். உங்கள் 4.76-ல் 95. "95 தானே நல்லது, பலமாக இருக்குமே" என்று எல்லாரும் ஒரு தடவை நினைப்பார்கள், நானும் நினைத்தேன். பட்டறைகளில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு வேறு: 75 சதவீத மரையைவிட முழு மரை ஏறக்குறைய 5 சதவீதம்தான் பலம் கூடுதல், ஆனால் அதை வெட்ட மூன்று மடங்கு முறுக்கு வேண்டும். அந்த மூன்று மடங்கைத்தான் உங்கள் டேப் தாங்கவில்லை. அலுமினியம் வேறு மிருதுவானது, வெட்டும்போது கொஞ்சம் பிதுங்கி டேப்பைக் கவ்வும்.

எம்3-க்கு 2.5, எம்4-க்கு 3.3, எம்5-க்கு 4.2, எம்6-க்கு 5, எம்8-க்கு 6.8, எம்10-க்கு 8.5, எம்12-க்கு 10.2. இந்த ஏழு எண்ணையும் ஒரு அட்டையில் எழுதிக் கருவிப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். ஒன்று மட்டும் கவனம்: எம்10-க்கு 8.5 என்பது 1.5 பிட்சுக்குத்தான். ஜப்பான் மோட்டார்சைக்கிள்களில் கண்ணாடி பூட்டும் மரை எம்10 ஆனாலும் பிட்ச் 1.25. அங்கே 1.5 டேப்பை விட்டால் இருந்த மரையும் போய்விடும்.

பிட் வாங்கப் போனால் மில்லி அளவைச் சொல்லி வாங்குங்கள். ஹார்ட்வேர் கடையில் "மாத்தா டிரில் பெசி, லீமா மில்லி" என்றால் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். பெட்டியாக விற்கும் செட்டுகளில் பாதி அங்குல அளவு, நமக்குத் தேவையான 3.3, 4.2, 6.8 எல்லாம் அதில் இருக்காது. டேப் அளவுகளைத் தனித்தனியாக வாங்குவதுதான் புத்திசாலித்தனம். வாங்கியதும் வெர்னியரால் ஒரு தடவை அளந்து பாருங்கள், முனையில் மழுங்கல் இருக்கிறதா என்றும் பாருங்கள். டேப் வாங்கும்போது தண்டில் எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) என்று பொறித்திருக்க வேண்டும். கார்பன் ஸ்டீல் டேப்புகள் அழகான மரப்பெட்டியில் வரிசையாக வரும், விலையும் ஆசை காட்டும். அலுமினியத்தில் அவை ஓரளவு ஓடும், ஸ்டெயின்லெஸில் பிஸ்கட் மாதிரி முறியும். இருபது அளவு கொண்ட மலிவான செட்டைவிட யமாவா, ஓஎஸ்ஜி மாதிரி ஜப்பான் நிறுவனங்களின் ஒரே ஒரு எம்6 டேப் மேல். லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் நல்ல டேப்புகள் சில சமயம் கிடைக்கும். ஆனால் வெட்டும் விளிம்பை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கத் தெரிந்தவர்கள்தான் அங்கே வாங்க வேண்டும். விளிம்பில் வெள்ளைக் கோடு மாதிரி மின்னினால் அது மழுங்கிவிட்டது.

பழைய சட்டம் என்பதால் இன்னொரு சந்தேகம். அப்பா காலத்துச் சட்டத்தில் ஏற்கெனவே உள்ள மரைகள் எம்6 தானா? அந்தக் காலத்தில் தோட்டத்து ஆலைகளிலிருந்தும் பழைய பட்டறைகளிலிருந்தும் வந்த டேப்புகளில் பாதி விட்வொர்த். இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த் 1841-ல் முன்வைத்த அளவு அது, மரையின் கோணம் 55 டிகிரி. மெட்ரிக்குக்கு 60. கால் அங்குல விட்வொர்த் போல்ட்டைக் கண்ணால் பார்த்தால் எம்6 போலவே இருக்கும். வெர்னியரில் வைத்தால் 6.2, 6.3 என்று காட்டும். எம்6 போல்ட் 6-க்கு மேல் காட்டாது. பழைய துளையில் எம்6 லொடலொடவென்று போனால் மரை தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள், அது கால் அங்குலமாக இருக்கலாம். அதற்குக் கால் அங்குல போல்ட்டே போடுங்கள், மேலே எம்6 டேப்பை ஓட்டிச் "சரி" செய்யப் போனால் இரண்டும் இல்லாமல் போகும். மரை கழண்டவன் என்று ஊரில் யாரையோ சொல்வார்களே, அது அப்படித்தான் ஆரம்பித்திருக்கும்.

இனி வேலைக்கு வருவோம்.

குறி போடும் இடத்தில் மார்க்கர் மையைப் பூசி, கூரான ஊசியால் குறுக்கும் நெடுக்கும் கோடு கீறுங்கள். பென்சில் கோடே அரை மில்லி அகலம் இருக்கும். கோடுகள் சந்திக்கும் இடத்தில் சென்டர் பஞ்சை, அதாவது முனை கூரான எஃகுத் தண்டை, வைத்து முதலில் லேசாக ஒரு தட்டு. குனிந்து பாருங்கள், சரியாக விழுந்திருந்தால் அப்புறம் ஓங்கி ஒரு அடி. விலகியிருந்தால் பஞ்சைச் சாய்த்து அடித்துக் குழியை நகர்த்தலாம், பிட் இறங்கிய பிறகு அது முடியாது. பஞ்ச் அடிக்காமல் துளை போட்டால் பிட் வழுக்கிக்கொண்டு போய் அலுமினியத்தின் மேல் கோலம் போடும்.

பொருளை வைஸில் அல்லது கிளாம்பில் பூட்டாமல் டிரில்லைத் தொடவே தொடாதீர்கள். 3 மில்லிப் பட்டை இதில் மோசமான சாமான். பிட் கீழே வெளிவரும் நொடியில் பட்டையைக் கொக்கி போட்டுத் தூக்கும், கையில் பிடித்திருந்தால் பட்டை காற்றாடி மாதிரி சுழலும். அந்த நேரத்தில் விரல் எங்கே இருந்தது என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. கண்ணாடி போடுங்கள். கையுறை போடாதீர்கள், துணி சுற்றிக்கொண்டால் கையோடு இழுத்துவிடும். விரதம் தொடங்கிக் காப்புக் கட்டிய பிறகு இந்த வேலையைச் செய்வதாக இருந்தால் கயிற்றின் தொங்கல் நுனியைச் சட்டைக் கைக்குள் மடித்து, கையை இறுக்கிப் பொத்தான் போடுங்கள். என்னைக் கேட்டால், காப்புக் கட்டும் முன்பே டிரில் வேலைகளை முடித்துவிடுவது நல்லது.

துளை நேராக இறங்க மேசை டிரில் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. இல்லையென்றால் தெரிந்த பட்டறையில் ஒரு மணி நேரம் கேளுங்கள், பிறையிலும் புக்கிட் மெர்தாஜாமிலும் அதற்கா பஞ்சம்? கையில் பிடிக்கும் டிரில்தான் என்றால் பொருளுக்குப் பக்கத்தில் ஒரு மூலைமட்டத்தை நிற்க வையுங்கள். வலது இடது சாய்வை நீங்கள் பாருங்கள், முன் பின் சாய்வைப் பக்கவாட்டில் நிற்கும் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். கைடிரில்லில் துளை எப்போதும் கொஞ்சம் அகலமாகத்தான் விழும், கை ஆடுகிறதே. 5 மில்லி பிட்டில் 5.1 வந்தால் மோசமில்லை. 5.3 வந்தால் மரை பாதிதான் பிடிக்கும். அதனால் மீந்த துண்டில் முதலில் மூன்று துளை போட்டு அளந்து பாருங்கள்.

வேகம் பற்றி எல்லாரும் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். கடினமான உலோகம் என்றால் வேகமாக ஓட்ட வேண்டும் என்று நினைப்பு. பிட்டின் விளிம்பு நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் உலோகத்தைத் தடவுகிறது என்பதுதான் கணக்கு: சாதாரண இரும்பில் 25 மீட்டர் அளவில், ஸ்டெயின்லெஸில் 10, அலுமினியத்தில் 60-க்கும் மேல். சுற்று வேண்டுமென்றால் 318-ஐ அந்த மீட்டரால் பெருக்கி பிட்டின் விட்டத்தால் வகுங்கள். 5 மில்லி பிட்டுக்கு இரும்பில் 1,600 சுற்று, ஸ்டெயின்லெஸில் 640, அலுமினியத்தில் 3,800. வீட்டு டிரில் அவ்வளவு ஓடாது, ஆகவே அலுமினியத்துக்கு இருக்கும் முழு வேகத்தையும் கொடுக்கலாம். இடையிடையே பிட்டை வெளியே எடுத்து, வெட்டி வந்த உலோகச் சுருளை உதறுங்கள், ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். அலுமினியம் பிட்டின் குழிவில் அப்பிக்கொண்டால் அதன்பின் வெட்டாது, சூடேற்றும். கீழே ஒரு பலகைத் துண்டு வையுங்கள், வெளிவரும் கடைசி ஒரு மில்லியில் அழுத்தத்தைக் குறையுங்கள். 5 மில்லித் துளைக்கு முன்னோட்டமாகச் சின்னத் துளை தேவையில்லை. 8.5, 10.2 அளவுகளுக்கு மட்டும் 3 மில்லியில் ஒன்று போட்டுக்கொள்ளலாம்.

துளை ஆனதும் உடனே டேப்பை எடுக்காதீர்கள். கவுண்டர்சிங்க் பிட்டால் வாயைச் சற்றே விரித்துவிடுங்கள், மேலே விட்டம் 6 மில்லியைக் கொஞ்சம் தாண்டும் அளவுக்கு. இரண்டு பக்கமும். பிசிறும் போகும், டேப்பும் நேராக உட்காரும், கடைசியில் மரையின் வாய் மேலே பிதுங்காது, பட்டை கட்டையோடு ஒட்டி உட்காரும். அரை நிமிட வேலை, இதைச் செய்யாமல் விடுபவர்கள்தான் அதிகம்.

டேப்பில் வகைகள் நிறைய. கை டேப் செட்டாக வாங்கினால் மூன்று இருக்கும். தண்டில் ஒரு வளையம் கீறியது முதலாவது, இரண்டு வளையம் இரண்டாவது, வளையமே இல்லாதது கடைசி. இந்த ஜெர்மன் முறைச் செட்டுகளில் கடைசி டேப்தான் முழு அளவு வெட்டும். முதலாவதை மட்டும் ஓட்டிவிட்டு போல்ட் ஏறவில்லையே என்று பலரும் தலையைச் சொறிவது இதனால்தான். தனியாக விற்பவற்றில் நுனியில் சாய்வாக வெட்டியிருப்பது சுருளை முன்னால் தள்ளும், ஊடுருவும் துளைக்கு அதுதான் சரி. முறுக்கு மாதிரி சுற்றிய குழிவு உள்ளது சுருளை மேலே இழுக்கும், அடிமூடிய துளைக்கு அது. உங்கள் கட்டை 12 மில்லி. அலுமினியத்தில் எம்6 மரைக்கு 9 முதல் 12 மில்லி நீளம் பிடிப்பு வேண்டும். ஆகவே கட்டையை முழுசாக ஊடுருவித் துளை போட்டு, நுனி சாய்ந்த டேப்பை எடுங்கள். உங்கள் வேலைக்கு அதைவிடச் சுலபமானது இல்லை.

இப்போது திருகுவது. டேப் நேராக நிற்கிறதா என்று மூலைமட்டத்தை ஒரு பக்கம் வைத்துப் பார்த்துவிட்டு, கால் வட்டம் நகர்ந்து இன்னொரு பக்கமும் பாருங்கள். ஒரு பக்கம் நேராகவும் மறு பக்கம் சாய்ந்தும் இருப்பது சகஜம். மேசை டிரில் கிடைத்தால் சுலப வழி ஒன்று: துளை போட்டதும் பொருளை அசைக்காமல், பிட்டைக் கழற்றி, அதைக் கவ்வியிருந்த சக்கிலேயே டேப்பை மாட்டி, மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, சக்கைக் கையால் திருப்பி முதல் மூன்று சுற்று இறக்குங்கள். அதற்குப் பிறகு டேப் கோணலாகப் போக இடமில்லை, ஹேண்டிலை மாட்டிக்கொள்ளலாம். இல்லையென்றால் 20 மில்லி கனக் கட்டை ஒன்றில் சரியாக 6 மில்லித் துளை போட்டு அதை வழிகாட்டியாக மேலே வைத்துப் பிடியுங்கள். அந்த ஒரு கட்டையை வருடக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம். என்னிடம் இருப்பதில் எம்3 முதல் எம்12 வரை வரிசையாகத் துளை இருக்கிறது, ஓரம் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது.

முதல் இரண்டு சுற்றுக்கு மட்டும் கீழே அழுத்துங்கள். பிடித்துக்கொண்ட பிறகு டேப் தானாகவே இறங்கும், அழுத்தினால் கெடும். ஹேண்டிலை இரண்டு கையாலும் சம பலத்தில் திருப்ப வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பிடித்துத் தள்ளினால் டேப் பக்கவாட்டில் வளையும், அது வளையத் தெரியாத சாமான். நேர்க் குழிவு டேப் என்றால் அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. பின்னால் திருப்பும்போது "டிக்" என்று சின்னதாக ஒன்று விடுபடும். சுருள் முறிவது அதுதான். நுனி சாய்ந்த டேப்புக்கு இந்தப் பின்னோட்டம் தேவையில்லை, போய்க்கொண்டே இருக்கலாம்.

நான் 1986-ல் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலை டூல்ரூமில் பயிற்சிக்குச் சேர்ந்தபோது எனக்குச் சொல்லிக் கொடுத்த சீஃபு, 1972-ல் அந்தத் தொழிற்பேட்டை தொடங்கிய காலத்திலிருந்தே அங்கே இருந்தவர். முதல் வாரம் ஒரு இரும்புத் தகட்டையும் ஐம்பது துளையையும் கொடுத்தார். பத்தாவது துளையில் என் தோளைத் தட்டி, "கண்ணை மூடிக்கொண்டு திருப்பு" என்றார். கிண்டல் என்று நினைத்தேன். கண் மூடினால்தான் கைக்குத் தெரிகிறது: வெட்டும்போது ஒரே சீரான எதிர்ப்பு இருக்கும், நெய் இறுகிய பாத்திரத்தில் கரண்டி போவது மாதிரி. சுருள் அடைத்தால் அந்தச் சீர் போய், ஹேண்டில் ஸ்பிரிங் மாதிரித் திமிறும், கையை எடுத்தால் கொஞ்சம் பின்னால் வரும். டேப் முறுக்கிக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம். அங்கே நிறுத்தி, முழுவதும் வெளியே எடுத்து, துடைத்து, எண்ணெய் விட்டு மறுபடி இறக்க வேண்டும். "இன்னும் கொஞ்சம்தானே" என்று தள்ளிய கால் சுற்றில்தான் உங்கள் முதல் டேப் போயிருக்கும். கம்பியில்லா டிரில்லில் இந்தத் திமிறல் கைக்கு வரவே வராது, அதனால்தான் இரண்டாவது டேப்பும் போனது. தொழிற்சாலையில் இயந்திரத்தால்தான் டேப் ஓட்டுகிறோம், வாஸ்தவம். ஆனால் அங்கே துளை நேர், அளவு சரி, பிடிமானத்தில் முறுக்குக்கு ஒரு எல்லை வைத்திருக்கும்.

எண்ணெய் கட்டாயம். இரும்புக்கும் ஸ்டெயின்லெஸுக்கும் டேப்பிங் ஆயில் என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெயோ டபிள்யூடி-40-ஓ போதும். பித்தளையையும் வார்ப்பிரும்பையும் காய்ந்தபடியே வெட்டலாம். சீஃபு ஒரு பழைய மைலோ டப்பாவில் பன்றிக் கொழுப்பு வைத்திருந்தார், இரும்புக்கு அதை மிஞ்ச ஒன்றுமில்லை என்பார். பழைய காலத்தில் உலகம் முழுக்கப் பட்டறைகளில் ஓடிய எண்ணெய்தான் அது. காவடிக்கு அது வேண்டாம். கையில் வேறொன்றும் இல்லாவிட்டால் தேங்காய் எண்ணெயே அலுமினியத்தில் நன்றாக ஓடும்.

அடிமூடிய துளை உங்களுக்குத் தேவைப்படாது, ஆனாலும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 12 மில்லி மரை வேண்டுமென்றால் 12 மில்லி ஆழம் துளைத்தால் போதாது. டேப்பின் நுனியில் சில மரைகள் கூம்பாக இருக்கும், அவை முழுசாக வெட்டாது. சுருளுக்கும் இடம் வேண்டும். 17, 18 மில்லி போங்கள். பிட்டின் கூம்பு முனை ஆழக் கணக்கில் சேராது, 5 மில்லி பிட்டில் அதுவே ஒன்றரை மில்லி. பயிற்சி முடியும் தறுவாயில் ஒரு அச்சுத் தகட்டில் பதினாறு அடிமூடிய துளை போட்டேன். பதினைந்து ஒழுங்காக முடிந்தது. பதினாறாவதில் சுருளைத் துடைக்க மறந்து, அடியில் முட்டியதை வெட்டுவதாக நினைத்துத் திருப்பினேன். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. தகட்டை, மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கும் ஸ்பார்க் எரோஷனுக்கு அனுப்பி மூன்று நாள் காத்திருந்தோம். சீஃபு திட்டவில்லை, மூன்று நாளும் என்னோடு பேசவில்லை, அவ்வளவுதான்.

ஸ்டெயின்லெஸ் தகட்டுக்கு வருகிறேன். அதில் மரை போடவே வேண்டாம் என்பது என் கருத்து. 3 மில்லி கனத்தில் 1 மில்லி பிட்ச் என்றால் மூன்றே மரை, வாயை விரித்த பிறகு இரண்டரை. இரும்பு வகைகளில் போல்ட்டின் விட்டம் அளவுக்காவது, அதாவது 6 மில்லி, பிடிப்பு வேண்டும். அது இடுப்பில் பாரம் இறங்கும் இடம், அதுவும் ஒவ்வொரு வருடமும் கழற்றி மாட்டப்போவது. 6.5 மில்லியில் ஊடுருவித் துளை போட்டு, எம்6 போல்ட்டை விட்டு, பின்னால் நைலான் வளையம் வைத்த நட்டைப் பூட்டுங்கள். பூட்டிய போல்ட் நட்டுக்கு வெளியே இரண்டு மரை தெரிந்தால் போதும், உடம்பைத் தொடும் பக்கம் போல்ட் தலை, வெளிப்பக்கம் நட்டு. தண்ணீர்மலைப் படியேறும்போது போல்ட் முனை விலாவில் உரசினால் அது முருகனுக்கு நேர்ந்துகொண்ட வேதனையில் சேராது. இரண்டு பக்கமும் எல்லா ஓரத்தையும் அரத்தால் மழித்து, விரலால் தடவிப் பாருங்கள்.

அந்தத் தகட்டில் துளை போடும்போது மட்டும் ஒரு எச்சரிக்கை. ஸ்டெயின்லெஸ் தேய்க்கத் தேய்க்கக் கெட்டியாகும். மெதுவாக ஓட்டி, பலமாக அழுத்த வேண்டும். சுருள் வராமல் பிட் சும்மா சுழன்றால் அடுத்த நொடியே நிறுத்துங்கள். பத்து நொடி தேய்த்துவிட்டால் அந்த இடம் கண்ணாடிபோலாகி எந்த பிட்டும் இறங்காது. கோபால்ட் கலந்த பிட் ஒன்று வாங்குங்கள், எண்ணெயில் கஞ்சத்தனம் வேண்டாம். எப்போதாவது கனமான ஸ்டெயின்லெஸில் எம்6 மரை போடுவதாக இருந்தால் துளையை 5.1 அல்லது 5.2-ஆக வையுங்கள். மரை 62 முதல் 69 சதவீதம்தான் வரும், அது போதும், டேப் பிழைக்கும்.

அலுமினியக் கட்டைகளில் ஸ்டெயின்லெஸ் போல்ட் போடுவீர்கள் என்று நினைக்கிறேன். வியர்வை, பால், மழை எல்லாம் படும் சட்டம். இந்த இரண்டு உலோகமும் ஈரத்தில் சேர்ந்திருந்தால் அலுமினியம் அரிக்கும், வெள்ளைப் பொடி பூத்து போல்ட் இறுகிவிடும். அடுத்த வருடம் கழற்றும்போது மரையோடு வரும். பூட்டும் முன் போல்ட் மரையில் கிரீஸ் கொஞ்சம் தடவுங்கள், திருவிழா முடிந்ததும் கழற்றித் துடைத்து வையுங்கள். பூட்டும்போது நீளமான ஸ்பானர் வேண்டாம், அலுமினிய மரை சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும்.

கடைசியாக, கட்டைக்குள் நிற்கும் துண்டு. அதை டிரில் பண்ணி எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். டேப்பும் உங்கள் பிட்டும் ஒரே ஜாதி எச்எஸ்எஸ், பிட் வழுக்கி அலுமினியத்துக்குள் போய்விடும். துண்டு கொஞ்சம் வெளியே நீட்டினால் பூட்டுப்பிளையரால் கவ்வி முன்னும் பின்னும் அசையுங்கள். உள்ளே இருந்தால், குழிவுகளில் நீளமான ஊசிகளை விட்டுத் திருப்பும் டேப் எக்ஸ்ட்ராக்டர் என்ற கருவி இருக்கிறது. சுருள் அடைத்து முறிந்த டேப்புக்கு அது பாதி நேரம் உதவாது.

அலுமினியம் என்பதால் உங்களுக்கு இன்னொரு வழி உண்டு: படிகாரம். வீட்டு வாசலில் திருஷ்டிக்குக் கட்டுவோமே, அதே கல். கண்ணாடிப் பாத்திரத்தில் வெந்நீர் எடுத்து, கரையும் வரை படிகாரத்தைக் கரைத்து, கட்டையை அதில் மூழ்க வைத்துக் கொதிக்கவிடாமல் சூடாகவே வைத்திருங்கள். இரும்பைத் தின்னும், அலுமினியத்தை ஏறக்குறைய விட்டுவிடும். துண்டின் மேல் சின்னக் குமிழிகள் வரும், தண்ணீர் கருக்கும். ஒரு நாள்கூட ஆகலாம், குறைகிற தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். சன்னலைத் திறந்து வையுங்கள், அந்தப் பாத்திரத்தைச் சமையலுக்குத் திரும்ப எடுக்காதீர்கள். இரும்புப் பொருளில் முறிந்த டேப்புக்கு இது ஆகாது, பொருளும் சேர்ந்து கரையும். அதற்கு ஸ்பார்க் எரோஷன் பட்டறைதான்.

துண்டு வந்த பிறகு துளை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். மரை பாதி கிழிந்திருந்தால் 6.8-ஆகப் பெரிதாக்கி எம்8 போடலாம், ஆனால் பட்டையின் துளையும் மாற வேண்டும், மற்ற மூன்று மூலையோடு பொருந்தாது. எம்6-ஆகவே வேண்டுமென்றால் 6.3-ல் துளைத்து, அதற்கென்றே வரும் டேப்பை ஓட்டி, கம்பிச் சுருள் மரையைச் செருகலாம், அலுமினியத்தில் அது வெட்டிய மரையைவிட உறுதியாகவே நிற்கும். இதெல்லாம் வேண்டாம், ஒரு மாலையில் வேலை முடிய வேண்டும் என்றால் கட்டையைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டு, கெட்ட துளையிலிருந்து 15 மில்லி தள்ளிப் புதிதாக ஒன்று போடுங்கள். இந்தத் தடவை 5 மில்லி பிட்டில்.